சம்பளத்தில் கை வைக்க யாருக்கு உரிமை?

நுரைச்சோலை என்றால் வெளியூராருக்கு 900 மெகாவாட் நிலக்கரி மின்நிலையம். உள்ளூராருக்கு அதற்கு முன்னரே வெங்காயமும் மிளகாயும் விளையும் மணல் தோட்டங்களும் கரைவலை இழுக்கும் கடற்கரையும் இருந்தன. 1990இல் வடக்கிலிருந்து விரட்டப்பட்ட முஸ்லிம்களில் பலர் கற்பிட்டித் தீபகற்பத்தில் ஒதுங்கித் தோட்டக் கூலிக்குப் போனார்கள். மாதச் சம்பளம், நாட்கூலி, மீன் பங்கு என்று மூன்று விதமான வருமானமும் சில மைல்களுக்குள் அடக்கம். மூன்றிலும் ஏதாவது ஒன்று கழிந்த பிறகே காசு கைக்கு வருகிறது.

முதலாளிக்கு அப்படிக் கழிக்க உரிமை உண்டா? பொதுவாக இல்லை என்பதிலிருந்தே இலங்கைச் சட்டம் தொடங்குகிறது. 1941ஆம் ஆண்டின் சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டம், அதன் கீழ் வரும் தொழில்களில் கூலியைக் காசாகவும் முழுதாகவும் தொழிலாளியிடமே கொடுக்கச் சொல்கிறது. அனுமதிக்கப்பட்ட கழிவுகள் உண்டு; அவற்றுக்கும் தொழிலாளியின் சம்மதம் வேண்டும். மாதச் சம்பளமானால் அடுத்த மாதம் 10 நாட்களுக்குள் கொடுத்துவிட வேண்டும்.

சம்மதம் கேட்காமலே கழிக்கக்கூடியது ஊழியர் சேமலாப நிதி (ஈபிஎஃப்). 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி தொழிலாளியின் பங்கு 8 சதவீதம், முதலாளியின் பங்கு 12 சதவீதம். 1980இல் வந்த ஊழியர் நம்பிக்கை நிதிக்குரிய (ஈடிஎஃப்) 3 சதவீதம் முழுக்க முதலாளியின் செலவு. "ஈபிஎஃப், ஈடிஎஃப் எல்லாம் போகத்தான் இந்தச் சம்பளம்" என்று ஒரு முதலாளி சொன்னால், போனது 8 தானா, மூன்று பங்கும் சேர்ந்த 23ஆ என்று சம்பளச் சீட்டைப் புரட்டிப் பார்ப்பது நல்லது. ஒரே ஒரு ஆளை வைத்திருப்பவருக்கும், தற்காலிகமாகச் சேர்ந்தவருக்கும் சேமலாப நிதி பொருந்தும். 8 சதவீதத்தைப் பிடித்துக்கொண்டு நிதிக்கு அனுப்பாமல் விடுவது இவை எல்லாவற்றையும்விட மோசம். காசு வெட்டப்பட்டது தொழிலாளிக்குத் தெரியும். போய்ச் சேராதது பல வருடம் கழித்து, அதை எடுக்கப் போகும்போதுதான் தெரியவரும். இந்த நிலுவையை அபராதத்தோடு அறவிடத் தொழில் ஆணையாளர் நீதிமன்றம் போகலாம்.

செய்யாத வேலைக்கான கூலி வேறு வழக்கு. இங்கிலாந்தின் வேக்ஃபீல்டில் ஒரு திருமணப் பதிவாளர், தொழிற்சங்கப் போராட்டமாகச் சனிக்கிழமை காலையில் திருமணம் நடத்த மறுத்தார். வாரத்தின் 37 மணி நேரத்தில் அந்த 3 மணி நேரத்துக்கான சம்பளத்தை நகரசபை வெட்டியது. அன்று அங்கே உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை 1987இல் அதைச் சரி என்றது. 1990இல் இந்திய உச்ச நீதிமன்றம் இன்னும் கடுமை காட்டியது. பாங்க் ஆஃப் இந்தியா ஊழியர்கள் 4 மணி நேரம் வேலைநிறுத்தம் செய்ததற்கு ஒரு முழு நாள் சம்பளத்தைப் பிடித்தது செல்லும் என்றது.

இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டங்களில் கூலி முழுதா பாதியா என்பதைக் கொழுந்தின் எடை தீர்மானிக்கிறது. குறித்த கிலோ பறிக்காதவருக்கு 'அரைப்பேர்'. நாள் முழுக்க மலையில் நின்றாலும் பாதிக் கூலிதான். வேலைநிறுத்தம் செய்தவருக்காவது வேலைக்குப் போகாத நேரம் என்று ஒன்று உண்டு. மழையிலும் வெயிலிலும் கொழுந்து குறைந்ததற்குப் பறிப்பவர் எப்படிப் பொறுப்பாவார்?

முதலாளி சம்பளத்தில் பிடிக்கும் அபராதத்துக்கு இந்தியா 1936இலேயே கடிவாளம் போட்டது. எந்தக் குற்றத்துக்கு அபராதம் என்பதை முன்கூட்டியே எழுதி ஒட்ட வேண்டும், தொழிலாளியின் பதிலைக் கேட்க வேண்டும், சம்பளத்தில் குறித்த அளவைத் (இன்று 3 சதவீதம்) தாண்டக்கூடாது, வசூலான தொகையைத் தொழிலாளர் நலனுக்கே செலவழிக்க வேண்டும்.

நுரைச்சோலைக் கடற்கரையின் கரைவலையிலோ கூலி என்ற பேச்சே இல்லை. மீன் விற்ற காசில் செலவு போக மிச்சம் வலையின் சொந்தக்காரரான சம்மாட்டிக்கும் வலை இழுத்தவர்களுக்கும் பங்காகிறது. முன்பணம் வாங்கியவரின் பங்கில் அந்தக் கடனும் கழியும். சம்பளச் சீட்டு இல்லாத இடத்தில் எவ்வளவு கழிந்தது என்பதற்குச் சம்மாட்டியின் கணக்குப் புத்தகம் ஒன்றே சாட்சி. கடன் தீராதவரை இன்னொரு வலைக்குப் போவதும் லேசில்லை.