தாய்வழி வந்த மண்

1889-இல் லண்டன் அறுவை மருத்துவர் ஸ்டீஃபன் பேஜட், மார்பகப் புற்றுநோயால் இறந்த 735 பேரின் பிணப் பரிசோதனைக் குறிப்புகளைப் புரட்டினார். 241 பேருக்குக் கல்லீரலில் புற்று பரவியிருந்தது. மண்ணீரலில் 17 பேருக்குத்தான். இரண்டுமே ரத்தம் தாராளமாகப் பாயும் உறுப்புகள். பின் ஏன் இந்த ஓரவஞ்சனை? புற்றணுவை விதையாகவும் போய் விழும் உறுப்பை மண்ணாகவும் வைத்து அவர் விளக்கம் சொன்னார். எந்த மண்ணில் எது முளைக்கும் என்று அறிந்த எந்த விவசாயிக்கும் அது புரிந்திருக்கும்.

மருத்துவ உலகம் அதைக் காதில் வாங்கவில்லை. அதே காலத்தில் பால்டிமோரில் வில்லியம் ஹால்ஸ்டெட்டின் கத்திக்குத்தான் பேர். புற்று ஓரிடத்திலிருந்து ஊறி ஊறிப் பரவுகிறது, முந்திக்கொண்டு அகலமாக வெட்டிவிட்டால் தீர்ந்தது என்பது அவர் நம்பிக்கை. மார்பகம், அதன் அடியிலுள்ள தசைகள், அக்குளின் நிணநீர் முடிச்சுகள் அத்தனையும் போகும். குழிந்த மார்போடும் வீங்கிய கையோடும் எத்தனை பெண்கள் மீதி வாழ்நாளைக் கழித்தார்கள் என்று நினைத்தால் மனம் கனக்கிறது. மார்பகம் முழுவதையும் எடுத்தாலும் கட்டியை மட்டும் எடுத்தாலும் உயிர் பிழைப்பதில் வித்தியாசமில்லை என்று அமெரிக்காவின் பெர்னார்ட் ஃபிஷர் 1985-இல் காட்டினார். 20 ஆண்டுக் கணக்கு 2002-இல் வந்தபோதும் முடிவு மாறவில்லை. பரவுவதைத் தீர்மானிப்பது வெட்டின் அகலம் இல்லை.

அப்படியானால் எது? தேடியவர்கள் பெரும்பாலும் புற்றணுவின் உட்கருவுக்குள்தான் தேடினார்கள். உட்கருவுக்கு வெளியே இருக்கும் மைட்டோகாண்ட்ரியாவுக்கும் தனியாக டி.என்.ஏ. உண்டு என்பது 1963-இல்தான் தெரிந்தது. மனிதரில் அதன் 16,569 எழுத்துகளையும் கேம்பிரிட்ஜில் 1981-இல் படித்து முடித்தார்கள். மொத்தம் 37 மரபணுக்கள். அத்தனையும் தாயிடமிருந்து மட்டுமே வருபவை. மைட்டோகாண்ட்ரியா என்றால் செல்லுக்கு ஆற்றல் தருவது என்று பள்ளியில் ஒரு வரி படித்துவிட்டுக் கடந்துபோனோம்.

2008-இல் ஜப்பானின் சுக்குபா பல்கலைக்கழகத்தார், அதிகம் பரவும் எலிப் புற்றணுவுக்கும் பரவாத புற்றணுவுக்கும் மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ.வை மட்டும் இடம் மாற்றினார்கள். பரவும் குணமும் கூடவே இடம் மாறியது.

என்னை அசைத்தது அதற்குப் பின் அமெரிக்காவில் நடந்த சோதனை. அலபாமாவில் ஸ்காட் பாலிஞ்சர் குழு ஓரின எலியின் கருவிலிருந்து உட்கருவை எடுத்து, உட்கரு நீக்கிய வேறின முட்டைக்குள் வைத்து எலிகளைப் பிறப்பித்தது. உட்கரு ஓரினம், மைட்டோகாண்ட்ரியா வேறினம். கேன்சஸின் டேனி வெல்ச் அவருடன் சேர்ந்தார். மார்பகப் புற்று வரும்படி மரபணு புகுத்திய ஆண் எலிகளை இந்தப் பெண் எலிகளோடு இணை சேர்த்தார்கள். பிறந்த பெண் குட்டிகள் எல்லாவற்றுக்கும் புற்று மரபணு ஒன்றுதான். தாய் தந்த மைட்டோகாண்ட்ரியாதான் வேறு. 2015-இல் முடிவு வெளிவந்தது. ஒரு தாய்வழியில் கட்டி தாமதமாக வந்தது, நுரையீரலுக்குப் பரவியதும் குறைவு. இன்னொரு தாய்வழியில் கட்டியும் சீக்கிரம், பரவலும் அதிகம்.

அது விதையின் வேலையா, மண்ணின் வேலையா? பிறகு, ஒரே புற்றணுக்களை வெவ்வேறு மைட்டோகாண்ட்ரியா கொண்ட எலிகளுக்குள் செலுத்திப் பார்த்தார்கள். அப்போதும் பரவல் மாறியது. புற்றைத் தாங்கும் உடம்பின் மைட்டோகாண்ட்ரியாவுக்கும் இதில் கை இருக்கிறது. பேஜட் மண் என்று சொன்னதற்குள் தாய்வழிச் சொத்து ஒன்றும் கிடந்திருக்கிறது.

இவை எலிகளில் கண்டவை. பெண்களிடம் மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ.வின் 10398-ஆம் எழுத்தை வைத்து நோய் வாய்ப்பைத் தேடிய ஆய்வுகள், மக்கள்கூட்டத்துக்கு ஒரு விடையாகச் சொல்லியிருக்கின்றன. இந்தப் பரவலுக்கு மைட்டோகாண்ட்ரியா கக்கும் ஆக்சிஜன் வேதிப்பொருள்களே காரணம் என்றொரு விளக்கம் உண்டு; அதைக் கேட்டவுடன் ஆன்டி ஆக்சிடன்ட் மாத்திரை வாங்கப் புறப்பட வேண்டாம். அத்தகைய மருந்தொன்று எலிகளின் தோல்புற்றை நிணநீர் முடிச்சுகளுக்கு அதிகம் பரப்பியதை ஸ்வீடன் ஆய்வாளர்கள் 2015-இல் கண்டார்கள். தாய்வழி என்றதும் அம்மாவைப் பழிக்கும் பேச்சும் வீடுகளில் கிளம்பும். எந்தத் தாயும் அதைத் தேர்ந்தெடுத்துக் கொடுப்பதில்லை. அவளுக்கும் அவள் அம்மா கொடுத்ததுதான்.

மார்பகப் புற்றுக்கான இன்றைய நோயியல் அறிக்கையை எடுத்துப் பாருங்கள். கட்டி எத்தனை சென்டிமீட்டர், ஈஸ்ட்ரோஜன் ஏற்பி உண்டா, ஹெர்-2 உண்டா, எவ்வளவு வேகமாகப் பெருகுகிறது என்று விதையைப் பற்றி ஒரு பக்கம் நிறைய இருக்கும். அந்த 16,569 எழுத்துகளைப் படிக்கக் கொஞ்சம் ரத்தம் போதும். அதற்கான வரி இன்னும் அந்தத் தாளில் இல்லை.