வயிற்றைக் காட்டாத மணிக்கூடு

சென்ற மாரிகாலத்தில் ஒருநாட் காலை, கரவெட்டியிலிருந்து முதல் பஸ்ஸிலே ஏறி, நனைந்த குடையோடு என் வீட்டு விறாந்தையில் வந்து நின்ற இளைப்பாறிய ஆசிரியர் ஒருவர், கொடுத்த தேநீரைக்கூடத் தொடாமல் தம்முடைய கைத்தொலைபேசியை என்னிடம் நீட்டி, முந்திய இரவு தமக்கு வந்திருந்த செய்தியொன்றை வாசித்து அபிப்பிராயம் சொல்லும்படி கேட்டார். இணையத்தில் ஏலம் விடப்பட்ட ஒரு பழைய கைமணிக்கூட்டுக்கு அவர் விலை கேட்டிருந்தார். ஏலம் முடியச் சில விநாடிகளே இருந்தபோது வேறொருவர் கூட்டிக் கேட்டு அதனைக் கொண்டுபோய்விட்டார். இப்போது, அந்த மனிதர் பின்வாங்கிவிட்டார் என்றும், மாஸ்ரர் கேட்ட விலைக்கே மணிக்கூட்டைத் தரச் சித்தமாயிருப்பதாகவும், இரண்டு நாளுக்குள் குறித்த வங்கிக் கணக்குக்கு நேரே பணம் அனுப்பினால் உடனே தபாலிற் சேர்ப்பிப்பதாகவும் அச்செய்தி கூறியது.

வீட்டுச் செலவை ஐந்து ரூபாவுக்கும் கணக்கெழுதி வைக்கும் அந்த மனிதர், கண்டறியாத ஒருவருக்குப் பணம் அனுப்பும் யோசனையோடு மழையில் வந்து நின்றதற்குக் காரணம் இருந்தது. அவருடைய தகப்பனார் 1962இல், தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்குக் கப்பல் ஓடிக்கொண்டிருந்த காலத்தில், சிதம்பர தரிசனத்துக்குச் சென்றவர் சென்னைக்கும் போய், அங்கே ஒரு ஃபேவர் லூபா மணிக்கூடு வாங்கிக் கட்டிக்கொண்டு வந்தார். இரண்டு வருஷங் கழித்து, 1964 மார்கழிப் புயல் தனுஷ்கோடியையே கொண்டுபோயிற்று. மணிக்கூடு கரவெட்டி வீட்டில் ஓடிக்கொண்டிருந்தது. தகப்பனார் காலமான பின்னரும், காலையில் அதற்குச் சாவி கொடுப்பது மகனுக்கு ஒரு நியமமாகவே இருந்தது. 1987 மே மாத இறுதியில் வடமராட்சியில் இராணுவ நடவடிக்கை தொடங்கியபோது உடுத்த துணியோடு வீட்டை விட்டவர்களுள் அவரும் ஒருவர். திரும்பி வந்தபோது அலுமாரி திறந்து கிடந்தது. பின்னர் தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக்காலத்தில், பற்றரியும் தடைசெய்யப்பட்ட பொருளாகி, நவீன மணிக்கூடுகள் ஒவ்வொன்றாக நின்றுபோன நாட்களில், சாவி கொடுத்தால் ஓடும் அந்த மணிக்கூட்டை அவர் நினையாத நாளில்லை என்பார்.

ஏலம் நமக்குப் புதிதன்று. குருநகரிலும் பாசையூரிலும் அதிகாலையில் மீனைக் கூறி விற்கும்போது, மீன் நம் காலடியிற் கிடக்கிறது. செவுளை விரித்துப் பார்க்கலாம். கூறுகின்றவர் யார், எதிர்த்து விலை கேட்கின்றவர் யார் என்பதும் தெரியும். இணையத்து ஏலத்திலோ பொருளைத் தொட இயலாது. விற்பவர் ஒரு பெயரும் சில நட்சத்திரங்களுமாக இருக்கிறார். விலையை ஏற்றுகின்றவர்களுள் ஒருவர் விற்பவருடைய கூட்டாளியாகவே இருத்தலுங் கூடும். ஆயினும் அங்கே ஒரு பாதுகாப்பு உண்டு. ஈபே போன்ற பெரிய ஏல ஸ்தாபனங்கள், தம்முடைய வழியாகவே பணம் செலுத்தி வாங்கிய பொருள், சொன்னபடி இல்லாவிட்டால் பொதுவாக அது கிடைத்த 30 நாளுக்குள் முறையிட்டுப் பணத்தைத் திரும்பப் பெற வழி வைத்திருக்கின்றன. ஏலத்தில் வென்றவர் விலகினால் அடுத்தவருக்கு விற்கும் முறையும் அவற்றில் நிஜமாகவே உண்டு. ஆனால் அந்த அழைப்பு, ஏலத்தளத்தினுள்ளே நமக்குரிய செய்திப்பெட்டியில் வந்து சேரும். பணமும் அதே தளத்தின் வழியாகவே போகும். மாஸ்ரருக்கு வந்ததோ வெறும் மின்னஞ்சல். ஏலத்தளத்துக்குள் நுழைந்து தேடினோம். அங்கே அப்படியொரு செய்தி இல்லை. வெளியே வந்து நேரே பணம் அனுப்பு என்று ஒருவர் சொல்லும் கணத்திலேயே, ஏல ஸ்தாபனத்தின் காவல் முழுவதையும் கழற்றி வைத்துவிட்டு வா என்று அவர் சொல்லுகிறார் என்பது என் அபிப்பிராயம். இரண்டு நாள் என்று அவர் வைத்த தவணையும், நாம் மற்றவரைக் கேட்டு விசாரிக்காதிருக்கும் பொருட்டு வைத்த தவணையே.

இவ்வளவும் கேட்ட பிறகும் மாஸ்ரர், “படத்தைப் பாருங்கோ, அப்படியே அப்புவின்ரை மணிக்கூடு மாதிரி இருக்குது” என்றார். இங்கேதான் விஷயத்தின் உயிர்நிலை இருக்கிறதென்று எனக்குத் தோன்றியது. நம்முடைய சைவ சித்தாந்த நூல்களைப் பாடங் கேட்டவர்கள் அளவையியலை அறிவார்கள். ஒன்றை உண்மையென்று துணிவதற்குரிய கருவிகள் பலவாகச் சொல்லப்படினும், காட்சி, கருதல், உரை என்னும் மூன்றில் அவை அடங்கும் என்பது சிவஞான சித்தியாரின் கொள்கை. திரையிலே தெரியும் படத்தை நாம் காட்சி என்று எண்ணிவிடுகிறோம். கண்ணாற் கண்டதுபோலவே மனம் அதனை ஏற்றுக்கொள்கிறது. யோசித்துப் பார்த்தால், அது உரையே. எந்தப் பக்கத்தைக் காட்டுவது, எவ்வளவு வெளிச்சத்திற் காட்டுவது, எதனைக் காட்டாது விடுவது என்பதையெல்லாம் விற்பவரே தீர்மானித்து, தம்முடைய வாயாற் சொல்லுவதைப் படத்தினாற் சொல்லுகிறார். சில வேளை அந்தப் படமும் வேறொருவருடையதாயிருக்கும். உரை பிரமாணமாக வேண்டுமானால் உரைப்பவர் ஆப்தராக, நம்பத்தக்கவராக, இருத்தல் வேண்டும். ஆகவே படத்தை நம்பலாமா என்னும் கேள்வி, படம் எடுத்தவரை நம்பலாமா என்னும் கேள்வியாகவே வந்து முடிகிறது. அதற்கு விடை தேட நமக்கு எஞ்சியிருப்பது கருதல், அதாவது அநுமானம், ஒன்றுதான்.

அநுமானத்துக்குக் குறிகள் தெரிய வேண்டும். மாஸ்ரரை அழைத்துக்கொண்டு, யாழ்ப்பாணம் பெரிய கடைப் பக்கத்தில் ஐம்பது வருஷமாக மணிக்கூடு திருத்தும் ஒரு முதியவரிடம் போனேன். அவர் கண்ணில் உருப்பெருக்கியைச் செருகிக்கொண்டு பார்க்கிறவர். கைத்தொலைபேசிப் படத்தையும் அப்படியே பார்த்தார். முகப்பு மயிற்கழுத்து நிறத்தில் பளபளத்தது. “மாஸ்ரர், உங்கடை அப்புவின்ரை மணிக்கூடு என்ன நிறம்?” என்று கேட்டார். வெள்ளை என்றார் மாஸ்ரர். நிமிஷ முள்ளைக் காட்டினார். அது நிமிஷக் கோடுகளைத் தொடாமல் பாதி வழியிலே நின்றது, வேறொரு மணிக்கூட்டின் முள்போலும். ஆறு மணியின் கீழே, சுவிற்சர்லாந்துச் செய்கை என்று பொடி எழுத்தில் இருக்க வேண்டிய இடம் வெறுமையாயிருந்தது. எழுத்துக்களின் ஓரங்கள் மை ஊறினாற்போலத் தடித்திருந்தன. “படத்திலை தெரியிறது முகம் மட்டும்தான். வயித்தைக் காட்டச் சொல்லிக் கேளுங்கோ” என்றார்.

பழைய மணிக்கூடு சேகரிப்பவர்கள் இத்தகையவற்றைப் பம்பாய் ஸ்பெஷல் என்று அழைக்கிறார்கள். அதன் வரலாற்றை அறிந்தால் அந்தப் பெயரில் ஏளனம் பேசத் தோன்றாது. ஃபேவர் லூபா 1737இல் சுவிற்சர்லாந்தின் லெ லோக்கிள் நகரத்தில் தொடங்கி, 1865இல் பம்பாய்க்கு வந்த நிறுவனம். தலைமுறை தலைமுறையாக இந்திய உபகண்டத்தின் கைகளில் இருந்த மணிக்கூடு அது. சுதந்திரத்துக்குப் பின்னர் வெளிநாட்டுப் பொருள்களின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது, 1961இல் ஜப்பானின் சிற்றிசன் நிறுவனத்தோடு சேர்ந்து பெங்களூரில் எச்.எம்.டி. கைக்கடிகாரத் தொழிற்சாலை எழுந்தது; பழைய சுவிஸ் மணிக்கூடுகளை வைத்திருந்தவர்களுக்கோ உதிரிப்பாகம் அரிதாயிற்று. நமது தேசங்களின் ஈரக்காற்றில் முகப்பு கறுத்துப்போவது சகஜம். ஆகவே முகப்பைப் புதிதாகத் தீட்டுவதும், உடைந்த இரண்டிலிருந்து ஓடும் ஒன்றைச் செய்வதும் கைவினைஞர்களின் ஜீவனோபாயமாகவும் திறமையாகவும் வளர்ந்தன. அந்தத் திருத்தத்தில் யாதொரு குற்றமுமில்லை. திருத்தியதைத் திருத்தியதென்று சொல்லாமல், பிறந்த மேனியோடு கிடைத்ததென்று கூறி விற்கும்போதே குற்றம் பிறக்கிறது. எச்.எம்.டி. தொழிற்சாலையையும் 2016இல் மூடிவிட இந்திய அரசு தீர்மானித்த பின்னர், அதன் பழைய மணிக்கூடுகளுக்கும் இதே கதி வந்திருக்கிறது.

அநுமானத்துக்குத் துணையாகும் குறிகளை முதியவர் பின்னும் சில சொன்னார். 1950ஆம் ஆண்டுகளில் முள்ளிலும் எண்ணிலும் இருட்டில் ஒளிரும் பூச்சாக ரேடியம் கலந்த பசையைப் பூசினார்கள். ரேடியத்தின் கதிர் பாதியாகக் குறையவே ஏறத்தாழ 1,600 வருஷம் செல்லும். ஆனால் அதனோடு சேர்ந்து ஒளிதரும் துத்தநாகச் சல்பைடு சில பத்து வருஷங்களிலேயே சக்தி இழந்துவிடும். ஆகவே அக்காலத்து மணிக்கூடென்று சொல்லப்படும் ஒன்று இன்று இருட்டில் பச்சையாகப் பிரகாசிக்குமானால், அதன் பூச்சு புதியது என்று துணியலாம். அந்தப் பழைய பூச்சைச் சுரண்டுவது உடம்புக்கு ஆகாது என்றும் எச்சரித்தார். நம்மவர் வளைகுடா நாடுகளிலிருந்து கட்டிக்கொண்டு வந்த சீகோ மணிக்கூடுகளிலோ இன்னும் தெளிவான சாட்சி இருக்கிறது. பின்மூடியில் முதலில் வரும் நான்கு இலக்கம், உள்ளே இருக்க வேண்டிய இயந்திரத்தின் இலக்கம். தொடர் இலக்கத்தின் முதல் எண் ஆண்டின் கடைசி எண்ணையும், அடுத்தது மாதத்தையும் குறிக்கும். முகப்பின் அடியோரத்திலும் அதே இயந்திர இலக்கம் நுண்ணெழுத்தில் இருக்கும். மூடி 6119 என்றும் முகப்பு 7009 என்றும் சொல்லுமானால், இரண்டு மணிக்கூடுகள் ஒரு கூட்டில் குடியிருக்கின்றன என்பது விளங்கும்.

இத்தனை குறிகளையும் கற்றவர்களும் ஏமாறுவதுண்டு. 2021 நவம்பரில் ஜெனீவா நகரத்திலே பிலிப்ஸ் ஏல நிறுவனம் விற்ற ஒமேகா ஸ்பீட்மாஸ்டர் ஒன்று, 31 இலட்சம் சுவிஸ் பிராங்குக்கு மேலே போயிற்று. 1957இல் முதன்முதலாக வந்த வகை. முகப்பு வெயிலில் பழுத்துப் பழுப்பேறிய அருமை. வாங்கியது ஒமேகாவின் சொந்த அருங்காட்சியகமே. 2023இல் அதே ஒமேகா, அந்த மணிக்கூடு பல மணிக்கூடுகளின் பாகங்களைக் கூட்டிச் செய்தது என்றும், தன்னிடம் வேலை பார்த்த மூவர் அதில் சம்பந்தப்பட்டிருந்தனர் என்றும் அறிவித்தது. செய்தவர்களே தம்முடைய பொருளை அறியாது வாங்கினார்கள் என்று பலர் சிரித்தார்கள். எனக்கு அது வேறொன்றை உணர்த்திற்று. பொருள் எவ்வளவு நுண்ணியதாயினும், அதனைப்பற்றி உரைப்பவர்கள் ஆப்தர்களாக இல்லாதபோது, நிபுணர்களின் கண்ணும் வழிதவறும்.

முதியவர் சொன்னபடி மாஸ்ரர் அந்த விற்பனையாளருக்கு ஒரு கடிதம் எழுதினார். பின்மூடியைத் திறந்து, இயந்திரத்திற் பொறித்த நிறுவனப் பெயரும் இலக்கமும் தெரியும்படி, பக்கத்தில் அன்றைய திகதி எழுதிய ஒரு துண்டுக் காகிதத்தையும் வைத்துப் படம் எடுத்து அனுப்ப வேண்டும். முகப்பு மீளத் தீட்டியதா, முள் மாற்றியதா என்பதைச் சொல்ல வேண்டும். பணம் ஏலத்தளத்தின் வழியாகவே வரும். இவ்வளவே கடிதம். நேர்மையானவருக்கு இவற்றுள் ஒன்றாயினும் சிரமமான காரியமன்று. ஒரு மூடியைத் திறக்கும் வேலை. பதில் வரவில்லை. மூன்றாம் நாள், விலையைப் பாதியாகக் குறைப்பதாக இன்னொரு மின்னஞ்சல் வந்தது. வயிற்றைப்பற்றி அதிலும் ஒரு வார்த்தையில்லை. மாஸ்ரர் அதனை என்னிடங் காட்டியபோது அவர் முகத்திற் கண்ட வருத்தம், பணத்தைப்பற்றிய வருத்தமன்று. தகப்பனாருடைய மணிக்கூட்டை இரண்டாந்தரமும் இழந்தவருடையது.

மாசி மாதத்தில் வேறொரு விற்பனையாளர், வேறொரு ஃபேவர் லூபாவை ஏலத்தில் வைத்தார். அவர் முதற் படத்திலேயே மூடியைத் திறந்து காட்டியிருந்தார். முகப்பு ஒருமுறை மீளத் தீட்டப்பட்டதென்றும், சாவிக் குமிழ் பழையதன்று என்றும், எண்ணெய் உலர்ந்திருப்பதால் துப்புரவு செய்த பின்னரே அணிய வேண்டுமென்றும் தாமே எழுதியிருந்தார். எத்தனை வருஷமாக விற்கிறார், வாங்கியவர்கள் என்ன சொல்லியிருக்கிறார்கள், அவர்கள் வாங்கியவை மணிக்கூடுகளா அல்லது நட்சத்திரங்களைக் கூட்டுவதற்கு விற்ற பத்து ரூபாச் சாமான்களா என்பதையெல்லாம் மாஸ்ரர் ஒரு வாரம் இருந்து வாசித்தார். இம்முறை அவரை மிஞ்சி ஒருவரும் கேட்கவில்லை. குறைகளைச் சொல்லி விற்கும் பொருளுக்குப் போட்டி குறைவு போலும்.

மணிக்கூடு வந்து சேர்ந்து இப்போது ஒரு மாதமாகிறது. பெரிய கடை முதியவர் அதனைக் கழற்றித் துப்புரவாக்கி, எண்ணெயிட்டு, பலன்ஸ் சில்லை மாத்திரம் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருக்கிறார். நாளொன்றுக்கு நாலு நிமிஷம் பிந்துகிறதாம். முகப்பையும் புதிதாகத் தீட்டித் தரட்டுமா என்று அவர் கேட்டதற்கு, மாஸ்ரர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். இன்னும் இரண்டு கிழமை தம்மிடம் வைத்து ஓடவிட்டுப் பார்க்க வேண்டும் என்கிறார் முதியவர்; மாஸ்ரர் வியாழக்கிழமை தோறும் பஸ் ஏறி வந்து, சாவி கொடுத்துவிட்டுப் போகிறார்.