ஊர்கள் அடித்த சில்லறைக் காசு

கல்லாவில் சில்லறை இல்லாவிட்டால் வியாபாரம் என்ன பாடுபடும் என்பதை வணிகர்களாகிய நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. முதல் உலகப் போரின்போது ஜெர்மனி நாடே இந்த நெருக்கடியில் சிக்கியது. அதை அந்நாட்டு நகராட்சிகள் சமாளித்த விதத்தில் நாம் அறிந்துகொள்ள வேண்டிய செய்தி இருக்கிறது.

1914 ஆகஸ்டில் போர் மூண்டதும் மக்கள் வெள்ளிக் காசுகளைப் பதுக்கத் தொடங்கினர். அடுத்து, சிறு காசுகளின் உலோகம் அரசுக்கே தேவைப்பட்டது. அந்நாளில் ஒரு மார்க்குக்கு 100 பெனிக். 5, 10 பெனிக் காசுகள் செம்பும் நிக்கலும் கலந்தவை. தோட்டாக்களுக்குச் செம்பும் கவசத் தகடுகளுக்கு நிக்கலும் வேண்டியிருந்தன. ஆகவே அரசு இரும்பிலும் துத்தநாகத்திலும் அலுமினியத்திலும் காசு அடித்தது. அப்படியும் சில்லறை போதவில்லை.

மீதி கொடுக்க வழியில்லாமல் கடைகள் திண்டாடவே, நகராட்சிகளே காசு அடிக்க முன்வந்தன. 'நோட்கெல்ட்', அதாவது அவசரப் பணம் என்று இதற்குப் பெயர். துத்தநாகத்தாலோ இரும்பாலோ ஆன இக்காசுகளில் ஊரின் பெயரும் சின்னமும் இருக்கும். வட்டக் காசுகளோடு எண்கோணக் காசுகளும் உண்டு. காகிதச் சீட்டுகளும் வெளிவந்தன.

துத்தநாகத் துண்டுக்கு ஏது மதிப்பு? 'கொண்டுவந்தால் மாற்றித் தருவோம்' என்ற நகராட்சியின் வாக்குதான் அதன் மதிப்பு. அந்த வாக்கு பெரும்பாலும் ஊர் எல்லையோடு நின்றது. பலவற்றுக்குக் கெடு தேதியும் உண்டு. கெடு தவறினால் நஷ்டம் வைத்திருப்பவருக்கு, ஆதாயம் வெளியிட்டவருக்கு.

இந்த ஆதாயத்தைப் பல ஊர்கள் விரைவிலேயே கண்டுகொண்டன. போர் முடிந்தபின், சேகரிப்போர் வாங்கிப் பத்திரப்படுத்தட்டும் என்றே வண்ணச் சீட்டுகளை அச்சிட்டன. பீலஃபெல்ட் நகரம் பட்டுத் துணியில் பணம் அச்சிட்டது. மைசன் ஆலையில் பீங்கான் காசுகள்கூடச் செய்யப்பட்டன.

பின்னர் வந்த பணவீக்கத்தில் மார்க்கே மண்ணானது. 1923 நவம்பரில் புழக்கத்துக்கு வந்த ஒரு புதிய ரென்டன்மார்க், ஒரு லட்சம் கோடி பழைய மார்க்குக்குச் சமமாக வைக்கப்பட்டது. பழைய 50 பெனிக் காசைச் சேர்த்து வைத்தவர் கையில் மிஞ்சியது வெறும் உலோகமே.

டோக்கன், கூப்பன், பரிசுச் சீட்டு என்று பணத்துக்குப் பதிலாக எது நம் கடைக்கு வந்தாலும் இதை நினைவில் கொள்வோம். கொடுத்தது யார், எந்தத் தேதிவரை செல்லும், எங்கே கொடுத்தால் பணமாகும் என்று விசாரித்த பிறகே கல்லாவில் போடுவோம்.