கல்லாப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு புத்தகம்



லாரியில் சரக்கு வந்து இறங்கினால் மூட்டையை எண்ணுகிறோம். நாலு மூட்டையைப் பிரித்துக் கையில் அள்ளிப் பார்க்கிறோம். பருப்பில் தூசி இருந்தால் அப்போதே திருப்பி அனுப்புகிறோம். ஆனால் நம் கடைக்கு வருகிற காகிதங்களை நம்மில் எத்தனை பேர் இப்படிப் பிரித்துப் பார்க்கிறோம்? கணக்கர் நீட்டினால் கையெழுத்து. அதிகாரி கேட்டால் பணம். பிறகு, "நமக்கு எங்கே இதெல்லாம் தெரிகிறது?" என்ற புலம்பல்.

இதை எழுதும் நாமும் அப்படி இருந்தவர்கள்தாம். ஓர் ஆண்டு எங்கள் இலுப்பூர்க் கடையில் எலக்ட்ரானிக் தராசுக்கு முத்திரை புதுப்பிக்கும் நாள் கடந்துவிட்டது. ஆய்வுக்கு வந்தவர் கேட்டபோது விழித்தோம். எலக்ட்ரானிக் தராசுக்கு ஆண்டுக்கு ஒரு முறை முத்திரை வைக்க வேண்டும். அடுத்த முத்திரை எப்போது என்ற தேதி, கல்லாவுக்கு நேர் மேலே நாங்களே ஆணியடித்து மாட்டியிருந்த சான்றிதழில் இருந்தது. தினமும் அதற்கு ஊதுபத்தி காட்டினோமே தவிர, படிக்கவில்லை. அபராதம் கட்டினோம். தொகை போனதைவிட, கண்ணுக்கு எதிரே இருந்ததைப் படிக்காத வெட்கம்தான் பெரிதாக இருந்தது.

அன்று பிறந்த யோசனைதான் இந்தப் படிப்பு வட்டம். மாதம் இரண்டு ஞாயிறு, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, எங்கள் கிட்டங்கியில் பாய் விரித்து உட்காருகிறோம். முதல் ஒரு மணி நேரம் புத்தகம். அடுத்த ஒரு மணி நேரம் ஊர்க் காரியமும் சட்டமும்.

நமக்குப் புதிதல்ல

"மளிகைக்காரனுக்குப் புத்தகம் எதற்கு?" என்று சிரித்தவர்கள் உண்டு. அவர்களுக்கு நம் மாவட்டத்திலேயே பதில் இருக்கிறது. பொன்னமராவதிக்குப் பக்கத்தில் மேலைச்சிவபுரி. அங்கே 1909ஆம் ஆண்டு வணிகக் குடும்பத்தார் கூடிச் சன்மார்க்க சபையை நிறுவினார்கள். அதற்கு உயிராக இருந்தவர் பண்டிதமணி மு. கதிரேசச் செட்டியார். அவர் பள்ளிக்கூடம் போனது மிகக் குறைந்த காலமே. சிறு வயதிலேயே வணிகம் பழக இலங்கைக்குப் போனவர். ஊர் திரும்பிய பின் தாமாகவே தமிழும் வடமொழியும் கற்று, கௌடலீயரின் பொருள் நூலைத் தமிழில் தந்தார். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியராகவும் இருந்தார். அந்தச் சபையின் வழியாக வளர்ந்ததுதான் கணேசர் செந்தமிழ்க் கல்லூரி.

அதே மேலைச்சிவபுரியில் 1917இல் பிறந்தவர் வ.சுப. மாணிக்கம். இவரும் சிறு வயதில் ரங்கூனுக்குக் கடை வேலைக்குப் போனவர். வரி அதிகாரி வந்தால் முதலாளி இல்லை என்று சொல்லச் சொன்னார்களாம். பொய் சொல்ல மாட்டேன் என்று வேலையை விட்டு வந்தார் என்பார்கள். பண்டிதமணியிடம் தமிழ் கற்ற அவர், பின்னாளில் மதுரை காமராசர் பல்கலைக்கழகத் துணைவேந்தரானார். காரைக்குடியிலும் 1917இல் இந்து மதாபிமான சங்கம் தொடங்கினார்கள். 1919இல் பாரதியாரே அங்கே வந்து போனார். இவை எல்லாவற்றிலும் முன்னின்றவர்கள் பேரேடு எழுதிய குடும்பத்தார்தாம்.

தேதியைப் படித்த அம்மா

எங்கள் வட்டத்துக்குப் பெட்டிக்கடை வைத்திருக்கும் ஓர் அம்மா வருகிறார். நம் மாவட்டத்தில் 1991இல் அறிவொளி இயக்கம் நடந்தபோது எழுத்துக் கூட்டக் கற்றவர். பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்று ஊரே வியந்த காலம் அது. ஒரு ஞாயிறு, அவரவர் கடைச் சான்றிதழ்களை எடுத்து வரச் சொன்னோம். அவருடைய உணவுப் பாதுகாப்புப் பதிவுச் சான்றின் ஆங்கிலத்தை ஒரு பள்ளி மாணவன் படித்துச் சொன்னான். தேதியை அந்த அம்மாவே விரல் வைத்துப் படித்தார். பதிவு ஐந்தாண்டுக்கு வாங்கியது. ஆனால் ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும் என்று ஒருவர் அவரிடம் பணம் வாங்கிக்கொண்டிருந்தார். அந்த அம்மா சத்தம் போடவில்லை. "இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னாலேயே படிக்கக் கத்துக்கிட்டேன், படிக்காம விட்டுட்டேனே" என்றார். அன்று கிட்டங்கியில் யாரும் பேசவில்லை.

எப்படி நடத்துவது?

நாங்கள் பட்ட அனுபவத்தைச் சொல்கிறோம். முதல் கூட்டத்துக்கு இருபத்திரண்டு பேர் வந்தார்கள். மூன்றாவது மாதம் ஐந்து பேர்தான். காரணம், பெரிய புத்தகத்தை எடுத்துவிட்டோம். பிறகு ஒரு தடவைக்கு ஒரு சிறுகதை என்று மாற்றினோம். ஒருவர் உரக்கப் படிப்பார், மற்றவர்கள் கேட்பார்கள். கண் பார்வை குறைந்தவரும் எழுத்து தெரியாதவரும் சமமாக உட்கார இதுவே வழி. திருக்குறளில் நடுவு நிலைமை அதிகாரத்தின் கடைசிக் குறள் வணிகருக்கே உரியது. அந்த ஒன்றைப் பற்றிப் பேச ஒரு மதியம் போதவில்லை. ஆளுக்கு ஒரு கொள்முதல் கதை வைத்திருந்தார்கள்.

கட்சி பேசுவதில்லை. சாதி பேசுவதில்லை. அங்கே கடன் வசூல் கிடையாது. பேசியதை ஒரு நோட்டில் எழுதி வைக்கிறோம். தராசு முத்திரை, ஜி.எஸ்.டி., 2019 ஜனவரி முதல் தமிழகத்தில் வந்த பிளாஸ்டிக் தடை, 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் என்று ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டோம். பத்து ரூபாய்க் கட்டணத்தில் மனுப் போட்டால், சாதாரணமாக முப்பது நாளுக்குள் பதில் தர வேண்டும் என்பது பலருக்கு அன்றுதான் தெரிந்தது.

புத்தகத்துக்குப் பெரிய செலவு வேண்டாம். நாம் கட்டும் சொத்து வரியோடு ரூபாய்க்கு 10 பைசா வீதம் நூலக வரியும் கட்டுகிறோம். 1948ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டம் செய்த ஏற்பாடு அது. பணம் கட்டிவிட்டுச் சரக்கை எடுக்காமல் விடும் வியாபாரி உண்டா? நூலகத்தில் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறோம். உறுப்பினராகுங்கள், நூலகரிடம் கேளுங்கள், அவரையும் கூட்டத்துக்கு அழையுங்கள்.

கேரளத்தில் பி.என். பணிக்கர் என்ற ஆசிரியர் 1945இல் 47 நூலகங்களைச் சேர்த்து ஒரு சங்கம் தொடங்கினார். ஊர் ஊராய் நூலகம் பரவியது. அவர் மறைந்த ஜூன் 19ஐ அங்கே வாசிப்பு நாளாகக் கொண்டாடுகிறார்கள். அவ்வளவு பெரிதாக நாம் தொடங்க வேண்டியதில்லை. அன்னவாசல், விராலிமலை என்று ஊருக்கு ஐந்து கடைக்காரர்கள் சேர்ந்தால் போதும்.

முதல் கூட்டத்தில் என்ன படிப்பது என்று கேட்கிறவர்களுக்கு ஒன்று சொல்லி முடிக்கிறோம். கல்லாவுக்கு மேலே மாட்டியிருக்கும் சான்றிதழை ஆணியிலிருந்து கழற்றுங்கள். அதிலிருந்து தொடங்குங்கள்.