பெட்டி ஒரு வீட்டில், சாவி ஒரு வீட்டில்!

மகளிர் சுய உதவிக் குழுவில் உங்களை ஊக்குநராகத் தேர்ந்தெடுத்து விட்டார்களா, சகோதரி? சந்தோஷம். கை தட்டியிருப்பார்கள், சுண்டல் கொடுத்திருப்பார்கள், போட்டோவும் எடுத்திருப்பார்கள். மறுநாள் காலையில்தான் வயிற்றில் புளியைக் கரைக்கும். நேற்று வரை பக்கத்தில் உட்கார்ந்து அரட்டை அடித்தவர்களை இன்றைக்கு எப்படி வேலை வாங்குவது?

ஆபீசுக்குப் புது மேனேஜராக வருகிறவர் கையில் வருகைப் பதிவேடு இருக்கிறது, சம்பளம் இருக்கிறது, மிஞ்சினால் மெமோ இருக்கிறது. நமக்கு என்ன இருக்கிறது? ஒருத்தி நமக்குப் பால் ஊற்றுகிறவள். ஒருத்தர் நாத்தனார். இன்னொருத்தியிடம் போன மாதம்தான் ஐந்நூறு ரூபாய் கைமாற்று வாங்கியிருப்போம். இவர்களிடம் அதிகாரம் பண்ண முடியுமா? பண்ணினால் அடுத்த கூட்டத்துக்குப் பாதிப் பேர் வரமாட்டார்கள்.

அதனால் பெரும்பாலான புதுத் தலைவிகள் இன்னொரு வழிக்குப் போய்விடுகிறார்கள். "இவளுக்குச் சொல்லிப் புரிய வைக்கிற நேரத்தில் நானே செய்துவிட்டுப் போகலாமே!" வீட்டில் நமக்கு ஊறிப்போன பழக்கம் அது. காபி டிகாஷன் போடுவதிலிருந்து கரண்ட் பில் கட்டுவது வரை ஒற்றை ஆளாகச் செய்தே பழகிய கை. சமையலறையில் இது ஓரளவு செல்லும். பதினாலு பேர் பணம் புழங்குகிற இடத்தில் செல்லாது. ஏன் என்பதற்கு எங்கள் குழுவில் நடந்ததையே சொல்கிறேன்.

எனக்கு முன்னால் ஊக்குநராக இருந்த அக்கா தங்கமானவர். நாலு வருஷம் குழுவைத் தோளில் சுமந்தார் என்றே சொல்லலாம். சந்தா வசூல், லெட்ஜர், பேங்க், தீர்மானம் எழுதுவது எல்லாம் அவரேதான். ஒரு பைசா குறைந்ததில்லை. நாங்களும் "அக்கா பார்த்துக்குவாங்க" என்று நிம்மதியாக இருந்தோம். ஒரு நாள் அவர் கணவருக்கு நெஞ்சு வலி என்று அவசரமாகக் கோயம்புத்தூருக்குக் கொண்டு போனார்கள். ஆபரேஷன், அப்புறம் ஓய்வு என்று இருபது நாள் அங்கேயே தங்கும்படி ஆயிற்று.

அந்த இருபது நாளில்தான் எங்கள் தெருக்கோடியில் இருக்கிற பெண்ணின் பையனுக்கு டெங்குக் காய்ச்சல். ஆஸ்பத்திரியில் உடனே எட்டாயிரம் கட்டச் சொன்னார்கள். குழுவின் சேமிப்புக் கணக்கில் நாற்பத்தாறாயிரம் இருந்தது. கையெழுத்துப் போட வேண்டிய மூன்று பேரில் இரண்டு பேர் போதும். பிரதிநிதிகள் இருவரும் ஊரில்தான் இருந்தார்கள். ஆனால் பாஸ் புத்தகம், தீர்மான நோட்டு எல்லாம் அக்காவின் பீரோவுக்குள்! போனில் கேட்டால், "ஐயோ, சாவி என் இடுப்பிலே இருக்கேம்மா" என்று அழுகிறார். பேங்கில் தீர்மானம் கேட்டார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை, அதுதானே முறை? கடைசியில் அந்தப் பெண் தாலிக்கொடியைக் கழற்றிக் கொண்டுபோய் அடகுக் கடையில் வைத்தாள். நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய் வட்டி. குழுவில் வாங்கியிருந்தால் ஒரு ரூபாய்தான். தன் சொந்தச் சேமிப்பு பேங்கில் இருக்க, கழுத்தில் மஞ்சள் கயிற்றோடு அவள் பையன் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தோம். (பையன் பிழைத்தான். கொடியையும் அடுத்த மாதமே குழுக் கடன் கொடுத்து மீட்டாயிற்று.)

அக்கா திரும்பி வந்ததும், "இனிமேல் என்னால் முடியாது" என்று விலகிக்கொண்டார். பொறுப்பு என் தலையில் விழுந்தது.

இந்த நோட்டுப் புத்தகங்களுக்கு ஏன் இத்தனை மரியாதை என்று சிலர் கேட்கலாம். தமிழ்நாட்டில் அரசாங்கம் மகளிர் குழுக்களை 1989ல் தர்மபுரி மாவட்டத்தில் சர்வதேச வேளாண்மை வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு ஆரம்பித்தது. 1992ல் நபார்டு வங்கி நாட்டில் 500 குழுக்களை பேங்குகளோடு இணைத்துப் பார்க்கும் திட்டத்தைத் தொடங்கியது. வீட்டுப் பத்திரம் கிடையாது, நகை கிடையாது. எதை நம்பிப் பெண்களுக்குக் கடன் கொடுப்பது? குழு ஒழுங்காக நடக்கிறதா என்பதைப் பார்த்துத்தான். தவறாமல் கூடுவது, தவறாமல் சேமிப்பது, தங்களுக்குள் கடன் கொடுத்து வாங்குவது, தவணைப்படி திருப்புவது, கணக்கை அன்றன்றைக்கு எழுதுவது என்று ஐந்து. பயிற்சியில் இதைப் பஞ்ச சூத்திரம் என்பார்கள். கடன் குழுவின் பெயரில் வருவதால் ஒருத்தி கட்டாவிட்டால் எல்லோருக்கும் அல்லவா கெட்ட பெயர்? ஆகவே கணக்கு எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

நான் முதல் கூட்டத்திலேயே வேலைகளைப் பிரித்தேன். லெட்ஜர் எழுத, பிளஸ் டூ படித்துவிட்டு நாலாவது வீட்டுக்கு மருமகளாக வந்திருக்கும் பெண். பணம் எண்ண, கீரைக்கார அம்மா. அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது, கைநாட்டுத்தான். ஆனால் அறுபது வாடிக்கைக்காரர்களின் பாக்கியை மனசிலேயே வைத்திருக்கிறவர்; சில்லறையில் ஐந்து ரூபாய் குறைந்தாலும் அவர் கை கண்டுபிடித்துவிடும். முதலில் "எனக்கு எதுக்கும்மா?" என்று பின்வாங்கினார். இப்போது அவர் எண்ணிச் சொன்ன தொகையும் லெட்ஜர் தொகையும் ஒத்துப்போன பிறகுதான் கூட்டமே கலையும். பணப்பெட்டி ஒரு வீட்டில், அதன் சாவி வேறொரு வீட்டில். பாஸ் புத்தகம் மூன்றாவது வீட்டில். பேங்குக்கு மாதம் இருவர், முறை வைத்து. "எந்தக் கவுண்டர்னே தெரியாதே" என்றவர்கள்கூட இப்போது செலான் பூர்த்தி செய்கிறார்கள். அன்றன்றைய கணக்குப் பக்கத்தைப் போட்டோ எடுத்து எங்கள் வாட்ஸ்அப்பில் போட்டுவிடுகிறோம். போன் இல்லாதவர்களுக்குக் கூட்டத்திலேயே உரக்கப் படித்துக் காட்டுவதும் உண்டு.

சொல்வதற்குச் சுலபம். அந்த மருமகள் பெண் முதல் மூன்று மாதம் ஒரு பக்கம் எழுத முக்கால் மணி நேரம் எடுத்துக்கொண்டாள். கூட்டிப் பார்ப்பாள், அழிப்பாள், மறுபடி கூட்டுவாள். எனக்குக் கை பரபரக்கும். பேனாவை வாங்கி எழுதினால் பத்து நிமிஷ வேலை! கைக்கு ஏதாவது வேலை வேண்டுமே என்று ஒரு முழம் மல்லிகைக்கு உதிரிப்பூ வாங்கிக்கொண்டு போய், அவள் எழுதி முடிக்கிற வரை கட்டிக்கொண்டிருப்பேன். "தப்பு எங்கே இருக்குன்னு நீயே பாரு" என்பதோடு சரி. நாலாவது மாதம் அவளே ஒரு பழைய கூட்டல் பிழையைக் கண்டுபிடித்து, "அக்கா, இங்கே நாப்பது ரூபா இடிக்குது" என்றாள். அன்றைக்குத் தொடுத்த பூவை அவள் தலையிலேயே வைத்துவிட்டேன்.

அடுத்ததுதான் உண்மையான சோதனை. என் நாத்தனார் குழுவில் இருபதாயிரம் வாங்கி, மாதம் இரண்டாயிரமாக ஆறு தவணை ஒழுங்காகக் கட்டியவர். ஏழாவது வரவில்லை. என்னைவிடப் பத்து வயது மூத்தவர். கூட்டத்தில் பெயரைச் சொன்னால் குடும்பத்தில் பூகம்பம்; சொல்லாவிட்டால், "உறவுக்காரின்னா சட்டம் வேறயா?" என்று மற்றவர்கள் கேட்பார்கள், கேட்கத்தானே வேண்டும்?

கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்னால் அவர் வீட்டுக்குப் போனேன். "ஏன் கட்டலை?" என்று கேட்கவில்லை. "அண்ணி, இந்த மாசம் எவ்வளவு முடியும்?" என்று கேட்டேன். அதற்குத்தான் பதில் வந்தது. அண்ணன் ஓட்டுகிற தறிப்பட்டறையில் வேலை பாதியாகக் குறைந்துவிட்டதாம். ஆயிரம் வரை முடியுமாம். "அதை நீங்களே கூட்டத்தில் சொல்லுங்க. நான் சொன்னால் நல்லா இருக்காது" என்றேன். சொன்னார். அந்தப் பேச்சை நடத்தும் பொறுப்பைப் பிரதிநிதியிடம் விட்டுவிட்டு நான் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன். மீதி எட்டாயிரத்தை மாதம் ஆயிரமாக எட்டுத் தவணையில் கட்டுவது, வட்டி தனி, பேங்குக்குக் குறைகிற தொகையை அதுவரை குழுச் சேமிப்பிலிருந்து ஈடுகட்டுவது என்று முடிவாயிற்று. அதோடு, தவணை நாளுக்கு முன்னாலேயே வந்து சொல்கிற எவருக்கும் இதே சலுகை, சொல்லாமல் விட்டால் அபராதம் என்று எல்லோருக்கும் பொதுவாகவும் ஒரு தீர்மானம். அதை எழுதச் சொன்னவர் கீரைக்கார அம்மாதான்! அதற்குப் பிறகு இரண்டு பேர் தாங்களாகவே முன்கூட்டி வந்து சொல்லியிருக்கிறார்கள்.

கூட்டத்தில் வாயாடிகளை அடக்குவது எப்படி என்று எல்லாத் தலைவிகளும் கேட்பார்கள். அடக்க வேண்டியதில்லை. பேசாமல் சுவரோரம் உட்கார்ந்திருப்பவரிடம் முதலில் கருத்துக் கேளுங்கள், வாயாடியிடம் கடைசியில். அவர் முறை வருவதற்குள் பாதி விஷயம் தீர்ந்திருக்கும். வட்டமாக உட்காருவதும் நல்லது. வரிசையாக உட்கார்ந்தால் பின் வரிசையில் சீரியல் கதை ஆரம்பித்துவிடும். பாராட்டை நாலு பேர் நடுவிலும், குறையைத் தனியாக அவர் வீட்டுத் திண்ணையிலும் சொல்லுங்கள். மாமியாரும் மருமகளும் ஒரே குழுவில் இருந்தால்? எங்கள் குழுவில் ஒரு ஜோடி இருக்கிறது. அவர்களுக்கு ஒரே வேலையைச் சேர்த்துக் கொடுப்பதில்லை, அவ்வளவுதான்.

நான் வந்து இரண்டு வருஷம் ஆகிறது. அடுத்த மாதம் பொறுப்பாளர்களை மாற்றப் போகிறோம். பேங்க் கணக்கில் கையெழுத்தை மாற்ற, உறுப்பினர்கள் கையெழுத்திட்ட தீர்மானத்தின் நகல், புதுப் பொறுப்பாளர்களின் போட்டோ, அடையாளச் சான்று ஆகியவை வேண்டும். பழையவர்களும் கூடவே போனால் வேலை சீக்கிரம் முடியும். தீர்மானத்தை மருமகள் பெண் எழுதிவிட்டாள். ஊக்குநர் என்ற இடத்தில் அவள் பெயர்தான் இருக்கிறது. லெட்ஜருக்கு அவளே வேறு ஒருத்தியைப் பழக்க ஆரம்பித்துவிட்டாள். போன கூட்டத்தில் அந்தப் புதுப் பெண் அழித்து அழித்து எழுத, இவள் பக்கத்தில் உட்கார்ந்து அவரைக்காய் நார் உரித்துக்கொண்டிருந்தாள்.