பேய் வீட்டுப் பிள்ளை

டோனி மாரிசன் 1987-ல் எழுதிய 'பிலவ்ட்' ஒரு பேய்க்கதை. அமெரிக்காவின் சின்சினாட்டியில் 124 என்ற எண்ணுள்ள வீட்டில், செத்துப்போன கைக்குழந்தையின் ஆவி உலவுகிறது. அண்ணன்கள் இருவரும் பயந்து ஓடிவிட, தாய் சேத்தேயுடன் தங்கிவிடுகிறாள் கடைக்குட்டி டென்வர்.

குழந்தையைக் கொன்றவள் தாயேதான். தப்பி வந்த அடிமைகளைப் பிடிக்கப் பண்ணைக்காரன் வந்தபோது, பிள்ளைகளை அவன் கையில் கொடுக்க அவளுக்கு மனமில்லை. கற்பனை மட்டுமல்ல இது. 1856-ல், உறைந்துகிடந்த ஓஹையோ ஆற்றைக் கடந்து வந்த மார்கரெட் கார்னர் என்ற கறுப்பினத் தாய் அப்படித்தான் செய்தார்.

பேயைவிட என்னை உலுக்கியது வேறொன்று. பள்ளியில் ஒரு பையன் டென்வரிடம், உன் அம்மா கொலை செய்து ஜெயிலுக்குப் போனவர்தானே என்று கேட்கிறான். அன்றோடு படிப்பு நின்றது. அம்மாவின் பதிலுக்கு அஞ்சியே இரண்டு வருடம் அவளுக்குக் காது கேட்காமல் போகிறது. வகுப்பறையில் எழுப்பிவிட்டுச் சாதி கேட்கப்பட்ட நம் பிள்ளைகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மாடிப்படியில் ஆவி தவழும் சத்தத்தில்தான் காது மறுபடி திறக்கிறது.

பின்னாளில் தாய் நலிந்துபோய் அடுப்பும் அணைந்தபோது, வாசல் தாண்டி வேலை தேடிப் போகிறவளும் டென்வரே. வருடக்கணக்கில் ஒதுங்கியிருந்த அக்கம்பக்கத்தார் அதன்பிறகு சோறு கொண்டுவந்து வைக்கிறார்கள். ஒருநாள் முப்பது பெண்கள் சேர்ந்து, பேயை விரட்ட அந்த வீட்டை நோக்கி நடக்கிறார்கள்.