இறுவட்டின் கண்

‘இறுவட்டில போட்டாச்சு, இனி அழியாது’ என்ற ஆறுதலை ரொறன்ரோவில் பல வீடுகளில் கேட்டிருக்கிறேன். தொண்ணூறுகளின் இறுதியில், ஊரிலிருந்து வந்த ஒலிநாடாக்களை - கூத்து, ஒப்பாரி, முதியோர் பேட்டி - கணினியில் ஏற்றி, வீட்டிலேயே இறுவட்டில் எழுதி அலுமாரியில் அடுக்கினோம். இந்த நம்பிக்கையோடு எனக்குள்ள பிணக்கை ஓர் அலைவுகாட்டியின் துணைகொண்டு சொல்ல முற்படுகிறேன்.

ஸ்காபரோவைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த சின்ராம் போன்ற நிறுவனங்கள் இறுவட்டின் குழிகளை அச்சில் வார்த்தன. நாம் வீட்டில் செய்தது வேறு. அங்கே இருப்பது லேசர்ச் சூட்டில் மாற்றமடைந்த சாயப்படலம். ஆனால் இரண்டும் ஒரே முறையில்தான் வாசிக்கப்படுகின்றன. பிலிப்ஸும் சோனியும் 1980 இல் வகுத்த நியமப்படி, தகவல் தங்கியிருப்பது குறியின் நீளத்தில். அதாவது லேசர் அதைக் கடக்க எடுக்கும் நேரத்தில். அடிப்படை அலகு 231 நனோசெக்கன். குறிகளும் அவற்றிடையேயான வெளிகளும் 3 அலகு முதல் 11 அலகு வரை ஒன்பது நீளங்களில் மட்டுமே வரலாம்.

வாசிப்புத் தலையின் சமிக்ஞையை அலைவுகாட்டிக்குக் கொடுத்தால் இந்த ஒன்பதும் ஒன்றன்மேல் ஒன்றாக விழும். நடுவே வைர வடிவில் இடைவெளிகள் தெரியும். இதைத்தான் ‘கண்’ என்கிறார்கள். கண் திறந்திருந்தால் 3 ஐ 4 என வாசிக்க வழியில்லை. கோடுகள் வெட்டும் இடம் தடிக்கத் தொடங்கினால் நேரம் தளம்புகிறது என்று பொருள். நியமம் பொறுப்பது 35 நனோசெக்கன் தளம்பலைத்தான்.

எழுதும்போதே சிக்கல் தொடங்குகிறது. லேசர் அணைந்த பின்னும் சூடு அடங்காது, குறி வளரும். (அடுப்பை நிறுத்தியபின் தாச்சியில் ரொட்டி கருகக் கண்டவர்களுக்கு இது புதிதல்ல.) ஆகவே லேசரைச் சற்று முன்னதாகவே அணைக்கவேண்டும். எவ்வளவு முன்னதாக என்பது சாயத்தையும் வேகத்தையும் பொறுத்தது. நான்கு மடங்கு வேகத்தில் எழுதினால் அந்த அலகு 58 நனோசெக்கனாகச் சுருங்கிவிடும். அவசரப்பட்டு எழுதிய மலிவு வட்டுக்கள் பிறக்கும்போதே தளம்பியவை.

நண்பரொருவர் ஒரு பேட்டியின் இரு பாதிகளையும் இரண்டு வட்டுக்களில் வைத்திருந்தார். பேசியவர் இன்றில்லை. இரண்டாவது வட்டு ஆண்டுக்கணக்கில் யன்னலோரம் வெயில் பட்டுக் கிடந்தது. காதுக்கு வேறுபாடே இல்லை. அலைவுகாட்டியில் முதலாவதின் கண் திறந்திருந்தது. இரண்டாவதின் கண் பாதி மூடிவிட்டது. பிழைதிருத்தும் முறை சுமார் இரண்டரை மில்லிமீற்றர் நீளக் குறைபாட்டையும் முற்றாக ஈடுசெய்யக்கூடியது. அது ஒரு வரம். ஆனால் அதே முறைதான் சிதைவை எங்களிடமிருந்து மறைக்கிறது. எல்லை கடந்தபின் ஒலி மெல்லமெல்ல மங்காது, அறுந்துவிடும். 1981 இல் யாழ் நூலகம் எரிந்தபோது புகையாவது தெரிந்தது.

காப்பது தொழில்நுட்பக்காரர் வேலை என்று எங்கள் எழுத்தாளர்கள் ஒதுங்குவதை என்னால் ஏற்க முடியவில்லை. 2005 இல் தொடங்கிய நூலகம் திட்டம் போன்ற முயற்சிகளுக்கு எதை முதலில் கொடுப்பது என்ற தெரிவை அலைவுகாட்டி செய்யாது. கூத்தா, பேட்டியா என்று அலுமாரியைத் திறந்து சொல்லவேண்டியவர்கள் அவர்கள்தான்.

யன்னலோர வட்டை அன்றிரவே பிரதி எடுத்தோம். ஓரிடத்தில் மூன்று முறை முயன்றோம்.